தலை முழுகிவிட்டு வந்தவனுக்கு

டேய் சிட்டி,

உன் கார்டு வந்து சேர்ந்தது. பெற்ற நைனாவின் வருஷத் திவசத்துக்கு வரமாட்டேன் என்று நாலு வரியில் முடித்துவிட்டாய். எந்த முகத்தோடு வருவேன் என்று கேட்டிருக்கிறாய். இருக்கிற முகத்தோடுதான் வர வேண்டும், வேறு முகத்தை யாரிடம் போய் இரவல் வாங்குவாய்? அதற்குக் கீழே நுணுக்கி நுணுக்கி இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். நைனா விழுந்ததிலிருந்து போனது வரைக்கும் எந்த நாள், எந்த நேரம், என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி அனுப்ப வேண்டுமாம். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்குக் கும்பகோணத்திலிருந்து கேள்வித்தாள் வருகிறது. எழுதுகிறேன். ஆனால் நீ கேட்கிற வரிசையில் வராது. எது என் வயிற்றை முதலில் எரிக்கிறதோ அது முதலில் வரும். இருபத்தாறு வயதானவனைச் சிட்டி என்று கூப்பிடாதே என்றும் சொல்லாதே. பக்கத்து வீட்டு ராஜம்மா தன் தெலுங்கில், சின்னவன் என்று, வைத்த பேர் அது. சர்டிபிகேட்டில் இருக்கிற உன் பேரைச் சொல்லித் திட்டினால் எனக்குத் திட்டின மாதிரியே இருப்பதில்லை.

நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிற பிடிவாதம் உனக்குப் பிறவியிலேயே இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் நம் ஊரில் எல்லோரும் "தோ வந்துட்டேன்" என்பார்கள். உன் நைனாவும் கிணற்றடியிலிருந்து அதையே சத்தமாகச் சொல்வார், சொல்லி அரை மணி கழித்துத்தான் வருவார். நீ அரைக்கால் சட்டை வயதிலேயே அதற்கு வழக்கு வைத்தாய். "எம்மா, வந்துட்டேன்னா வந்து நிக்கணும் இல்ல? அவுரு இன்னும் கெணத்தாண்டதான கீறாரு? அப்போ அது பொய்தான?" என்று தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டாய். "துன்றதுக்குக் கூப்ட்டா ஞாயம் பேசிகினு கீறியே, களி ஆறுதுடா" என்று முதுகில் ஒன்று வைத்தேன். உன் நைனா வந்ததும் அவரிடமும் கேட்டாய். அவர் கை கழுவிக்கொண்டே, "டேய், நான் சொன்னப்பவே என் மனசு வந்து துன்ன ஆரம்பிச்சிடுச்சுடா, ஒடம்புதான் பின்னால வந்துகினு கீது" என்றார். நீ சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதும் நீ சிரிக்காமல் இருப்பதும் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

உன்னை இங்கிலீஷிடம் ஓட வைத்தது நான்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆந்திரா தனி ராஜ்யம் ஆனபோது நீ புத்தூரில் தமிழ் செக்‌ஷனில் படித்துக்கொண்டிருந்தாய். இனிமேல் எல்லாம் தெலுங்குதான், தெலுங்கு படித்தவனுக்குத்தான் உத்தியோகம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உன் நைனாவைக் கூடக் கேட்காமல் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் உன்னைத் தெலுங்கு செக்‌ஷனுக்கு மாற்றினேன். ஒரு வருஷம் போனது. நம் தாலுகா மதராஸோடு சேரப்போகிறது என்று அடுத்த பேச்சு வந்தது. மறுபடியும் போய் நின்றேன். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டார். "ஏம்மா, எல்லைக்கோடு அங்க ஒரு அடி நகுந்தா நீ இங்க புள்ளய இஸ்துகினு வந்துடற. அவன் புள்ளயா, சர்வே கல்லா?" என்றார். அப்படியும் மாற்றிவிட்டுத்தான் வந்தேன். பூகோளத்தில் பாதி ஒரு பாஷையிலும் மீதி இன்னொரு பாஷையிலும் படித்து, இரண்டிலும் மார்க் இறங்கி, ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ வாசலில் நின்று அழுதது என் கண்ணிலேயே இருக்கிறது. இரண்டு செக்‌ஷனிலும் மாறாமல் இருந்தது இங்கிலீஷ் வகுப்பு ஒன்றுதான். "எந்த கவுர்மெண்டு வந்தாலும் இத்த எவனும் மாத்த மாட்டான், இத்தப் புடிச்சிக்கோ" என்று சொன்னவள் நான். பிடித்துக்கொண்டாய். அதைப் பிடித்த கையால் எங்களை விட்டுவிடுவாய் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மாட்டுக் கொட்டகையில் நடந்துகொண்டே உரக்கப் படிப்பாய். யெஸ்டர்டே என்று வந்தால் வென்ட், எவ்ரி டே என்று வந்தால் கோஸ், டுமாரோ என்று வந்தால் வில் கோ. நேரத்தைச் சொல்கிற வார்த்தை எது என்று முதலில் தேடு, அது கேட்கிற வினையைத்தான் போட வேண்டும் என்று உன் வாத்தியார் உனக்குச் சொன்னதை நீ எருமைக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தாய். சாணி அள்ளிக்கொண்டே நானும் பாதி கற்றுக்கொண்டேன். சின்ஸ் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. "அப்போ ஆரம்பிச்சது இன்னும் முடியல எம்மா. அதுக்குன்னு இங்கிலீஷ்காரன் தனியா ஒண்ணு வச்சிகினு கீறான், ஹேவ் பீன்னு" என்றாய். "அது இன்னாடா, முடியாத சமாச்சாரம்?" என்று கேட்டேன். "நீ கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து இந்த ஊட்ல சாணி வாரிகினே கீற பாரு, அதான்" என்றாய். கையிலிருந்த சாணியை உன் மேலேயே எறிந்தேன். உன் நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த ஒரு நாள் நீயும் சிரித்தாய். சட்டையைத் துவைத்தது நான்தான்.

அதற்குப் பின்னால் வந்தது அந்த மனு. எல்லையைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கப் பெரிய அதிகாரி வரப்போகிறார், நம்முடையது தமிழ் பேசுகிற ஊர், மதராஸோடுதான் சேர வேண்டும் என்று ஊரே கூடிக் கைநாட்டு வைத்தது. மனு இங்கிலீஷில் இருக்க வேண்டும். ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் எட்டிப் பார்த்தவன் நீ ஒருவன். உன் நைனா மார்பை நிமிர்த்திக்கொண்டு உன்னை உட்கார வைத்து எழுதச் சொன்னார். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இங்கே வாழ்ந்து வருகிறோம் என்பது அவர் சொன்னது. உன் பேனாவில் அது வாழ்ந்தோம் என்று விழுந்துவிட்டது. எனக்குப் படித்துப் படித்துச் சொன்ன அதே சின்ஸில் நீயே வழுக்கினாய். சித்தூரில் வக்கீல் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "வாழ்ந்தோம்னு எழுதியிருக்கான் பையன். அப்போ இப்போ இல்லையா? எப்போ காலி பண்ணீங்க?" என்று கேட்டாராம். கூடப் போனவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். அவரே அடித்துத் திருத்தி, புதிதாக டைப் அடித்துத்தான் அனுப்பினார். ஒரு கெடுதலும் நடக்கவில்லை. ஒரு வினைச்சொல்லைப் பார்த்தா ஊரைப் பிரிப்பார்கள்? ஆனால் கோடு போட்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நம் ஊர் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. உன் நைனாவுக்கு யார் மேலாவது கோபப்பட்டாக வேண்டியிருந்தது. அதிகாரி டெல்லியில் இருந்தார். நீ வீட்டில் இருந்தாய்.

டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "என் மவன் வாழ்ந்தோம்னு எழுதினான், கவுர்மெண்டும் சரிப்பா, வாழ்ந்தது போதும்னு ஒத்துகிச்சு" என்பார். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகப் போனவள், நின்று சிரித்தேன். நீ அதைப் பார்த்தாய். அதற்காக நீ என்னை மன்னிக்கவே இல்லை, கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்பாய். நீ திருப்பதியில் பி.ஏ. முடித்தாய், அவர் அதையே சொன்னார். மதராஸில் வாத்தியார் ட்ரெய்னிங் முடித்தாய், அதையே சொன்னார். வடமாலபேட்டையில் உனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளை இங்கிலீஷ் வாத்தியாராமே?" என்று பெண்ணின் அப்பா ஆசையாகக் கேட்டார். உன் நைனா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "ஆமாங்க, ஊரையே காலி பண்ற இங்கிலீஷு" என்றார். நீ கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாய். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன் பின்னாலேயே ஓடி வந்தேன். "வெளயாட்டுக்குச் சொல்றாருடா" என்றேன். "எட்டு வருஷமா ஒரே வெளயாட்டா எம்மா?" என்றாய். அந்த மாசமே கும்பகோணத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாய். மேப்பில் ஸ்கேலை வைத்து, எது எங்களுக்குத் தூரம் என்று அளந்துதான் போயிருப்பாய்.

இனி தந்திக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஆள் போய்விட்டார் என்று யாரும் தந்தி கொடுப்பதில்லை. சீரியஸ், உடனே புறப்படு என்றுதான் கொடுப்பார்கள். வருகிறவன் ரயிலில் தனியாக உட்கார்ந்து அழக் கூடாது, வீடு வந்து சேர்ந்தபின் பிடித்துக்கொள்ள நாலு பேர் இருக்கும்போது தெரியட்டும் என்று ஏற்பட்ட வழக்கம். நீ ட்ரெய்னிங்கில் இருந்த வருஷம் உன் அக்கா பிரசவத்தில் போனபோது அப்படித்தான் கொடுத்தோம். நீ ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு நகரியில் அவள் மாமியார் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா எந்த ரூம்ல கீது?" என்று கேட்டாய். அவளை அடக்கம் செய்து ஒரு நாள் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்ததும் சாத்துக்குடியைத் தெருவிலேயே கொட்டினாய். "செத்துட்டாள்னு ஒரு வார்த்த, அது ஒங்க வாயில வராதா? வழியெல்லாம் அவ பொழைக்கணும்னு வேண்டிகினு வந்தேனே, யாருக்கு வேண்டிகினு வந்தேன்?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாய். அப்போதுதான் அதையும் சொன்னாய். "இனிமே சீரியஸ்னு எனக்குத் தந்தி வந்தா தலை முழுகிட்டுத்தான் வண்டி ஏறுவேன், பாத்துக்கோ" என்றாய். நான் உன் வாயைப் பொத்தினேன்.

இப்போது நீ கேட்ட நாளும் நேரமும். வெள்ளிக்கிழமை காலை, ஏழு மணி இருக்கும், கரும்புத் தோட்டத்து வரப்பில் உன் நைனா விழுந்தார். இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பங்காளி மகன் ஏழுமலையும் நானும் வண்டி வைத்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சனிக்கிழமை அவருக்குப் பேச்சுக் கொஞ்சம் திரும்பியது. உனக்குத் தந்தி கொடுக்கட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி, "பரிச்ச" என்றார். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை இங்கிலீஷ் பரீட்சை என்று நீ போட்ட கார்டை ஏழுமலை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தான். அந்த நிலைமையிலும் அது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டர், வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள், இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்றார். திங்கட்கிழமை நான் அவர் பேச்சைக் கேட்காமல் ஏழுமலையோடு புத்தூர் போஸ்டாபீசுக்குப் போனேன். அங்கே நடந்ததைப் பிறகு எழுதுகிறேன். அதை எழுதக் கை இன்னும் துணியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தந்தி உனக்குக் கிடைத்துவிட்டது. நீயே சொன்னாய். அன்று சாயங்காலம் வண்டி ஏறியிருந்தால் புதன்கிழமை மத்தியானத்துக்குள் வீடு வந்து சேர்ந்திருப்பாய். உன் நைனாவும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார். தந்தி கொடுத்தாகிவிட்டது என்று சொன்னதும் முதலில் என்னை முறைத்தார், அப்புறம் புதன்கிழமை காலை நாவிதரைக் கூப்பிடச் சொன்னார். கோணின வாய்ப் பக்கம் கத்தி வைக்க நாவிதர் பயந்தார். "வழிடா, மவன் வர்றான்" என்றார். அதைப் புரிந்துகொள்ள நாங்கள் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. மத்தியானம் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்த்தி வைக்கச் சொன்னார். படுத்திருந்தால் உனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்தாரோ, படுத்தபடி உன்னைப் பார்க்க அவருக்குத்தான் ரோஷமோ, தெரியாது. நீ ஆசைப்படுகிற மாதிரி அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தார் என்று நான் எழுத மாட்டேன். அப்படி எதுவும் அவர் சொல்லவில்லை. அவர் என்னைக் கேட்டது ஒன்றுதான். "அவன் பல்லு வலி தேவலயாமா?" என்றார். பரீட்சையைச் சொன்ன அதே கார்டில் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றும் நீ எழுதியிருந்தாய். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை.

பதினோரு மணிக்கு நீ தெருமுனையில் வந்தாய். கையில் பித்தளைச் சொம்பு, ஒரு பொட்டலம். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பால் ஊத்தியாச்சா எம்மா?" என்று கேட்டாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எரித்த மறுநாள் ஊற்றுகிற பாலை, இன்னும் எரிக்காதவருக்கு எங்கே ஊற்றுவது? ராஜம்மாதான் ஓடி வந்து, "அய்யோ சிட்டி, இன்னா பேசற நீ? இப்பத்தான்டா ஆச்சு, ரெண்டு மணி நேரம் ஆவலயே" என்றாள். நீ என்னை விட்டுவிட்டு உள்ளே போய் அவர் கையைத் தொட்டாய். அது இன்னும் சூடாக இருந்தது. தந்தியைப் பார்த்ததும் செவ்வாய்க்கிழமையே ஆற்றில் இறங்கித் தலை முழுகிவிட்டாயாம். இந்த வெயிலில் இரண்டு நாள் யார் வைத்திருப்பார்கள், எப்படியும் ஏழுமலை கொள்ளி வைத்திருப்பான், ஓடி என்ன ஆகப்போகிறது, பிள்ளைகளுக்குப் புதன்கிழமை பரீட்சையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று தங்கிவிட்டாயாம். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ இதைச் சொல்லச் சொல்ல, அத்தனை சனத்துக்கு நடுவில் நான் கத்தினேன். "உசுரோட கீற அப்பனுக்குத் தலை முழுகினவன்டா நீ!" ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். பதினாறு நாளும் வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து, நீங்கள் அவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன பேசினார், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். உன் அத்தை அழுதுகொண்டே, போன வாரம்கூட வந்து மோர் வாங்கிக் குடித்தாரே என்றாள். எந்தக் கிழமை என்று கேட்டாய். அழுகிறவளிடம் கிழமையைக் கேட்காதேடா. இந்த ஒரு புத்தியையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்.

போஸ்டாபீசுக்கு வருகிறேன். இதை ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. ஏழுமலை வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே நான் மட்டும். ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி என்று எழுதிக்கொண்டே, அந்தக் குமாஸ்தா தலையைத் தூக்காமல், "ஆள் எப்போ போனாரு?" என்று கேட்டார். "வாயக் கழுவு சாமி, அவுரு நல்லா கஞ்சி குடிச்சிகினு கீறாரு" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. "அம்மா, இந்தத் தந்தி வந்தா படிக்கிறவங்க செத்துட்டார்னுதான் நினைப்பாங்க. நான் தினம் பத்து அனுப்பறேன், பத்தும் எழவுதான். ஸ்டில் அலைவ்னு ரெண்டு வார்த்த சேக்கறேன், இன்னும் உசுரோட இருக்காருன்னு அர்த்தம்" என்று சொல்லி, எழுதவும் எழுதிவிட்டார். ஸ்டில் என்ற வார்த்தை எனக்குத் தெரியும், நீ கொட்டகையில் சொன்னதுதான். இன்னும் என்று சொன்னாலே, இனிமேல் இருக்க மாட்டார் என்று நானே நாள் குறித்துக் கொடுப்பது மாதிரி இருந்தது. எந்தப் பெண்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, என் புருஷன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று எழுதிக் கொடுப்பாள்? "அந்த ரெண்டு வார்த்தய அடிச்சி எடுத்துடு சாமி" என்றேன். "நல்லா யோசிச்சியாம்மா?" என்று கேட்டார். அடிக்கச் சொன்னேன். அடித்தார்.

நகரியில் நீ சொன்னது அந்த நிமிஷம் ஞாபகம் வந்ததா என்று கேட்பாய். வந்தது. தெருவில் உருண்ட சாத்துக்குடியோடு சேர்ந்தே வந்தது. ஆத்திரத்தில் ஒரு பேச்சுக்குச் சொன்னான், பெற்ற அப்பன் விஷயத்தில் அப்படியா செய்வான் என்று நினைத்துக்கொண்டு கவுண்டரை விட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து, அதே நான்தான் உன்னைச் சனத்துக்கு முன்னால் நிற்க வைத்துக் கத்தினேன். அந்தக் கத்தலில் பாதி எனக்கு. உன் பேரைச் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டேன். நீ அந்தப் பாதியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கும்பகோணம் போனாய், நான் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். எழுதலாம் எழுதலாம் என்று ஒரு வருஷம். உன் அக்கா சாவிலும் சரி, உன் நைனா சாவிலும் சரி, நடந்ததை நடந்தபடி உன்னிடம் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. அதற்கு அன்பு என்று பேர் வைத்துக்கொண்டோம். நாளைக்கு உனக்கு ஒரு குடும்பம் ஆனால் அந்த வழக்கத்தை அங்கே கொண்டுபோகாதே. போய்விட்டார் என்றால் போய்விட்டார் என்று சொல், இருக்கிறார் என்றால் இருக்கிறார் என்று சொல். கேட்கிறவன் ரயிலில் அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க மாட்டார்களா?

திவசம் இந்த வருஷமும் உன் பரீட்சை வாரத்தில்தான் விழுகிறது. அதற்கு நான் பொறுப்பில்லை. வா என்று இந்தக் கடுதாசியில் எழுதிவிட்டேன், இனிமேல் தந்தி கிந்தி எதுவும் என்னிடமிருந்து வராது. உன் முகம் எப்படி இருந்தாலும் ஐயர் கேட்கப்போவதில்லை, கோத்திரம்தான் கேட்பார்.

ஆனால் உன் கார்டின் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் அன்றைக்கே வண்டி ஏறியிருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். முதலில் படித்தபோது, என் பிள்ளை பாவம் என்று அழுதேன். இரண்டாவது தடவை படித்தபோது எனக்கு வடமாலபேட்டை பஸ் ஸ்டாண்டு கண்ணில் வந்தது. என் பங்கு எதுவோ அதை நான் எழுதிவிட்டேன், ஒளிக்கவில்லை. உன் பங்கை நீ பார். செவ்வாய்க்கிழமை காலை. தந்தி உன் கையில் இருக்கிறது, நான் அடித்து எடுக்கச் சொன்ன இரண்டு வார்த்தையும் அதில் அப்படியே இருக்கின்றன என்று வைத்துக்கொள். நைனா உயிரோடு இருக்கிறார், பேசவும் பேசுகிறார், நீ உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் முன்னால் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியாது. மறுநாள் உன் பிள்ளைகளுக்குப் பரீட்சை. செத்துப்போனவரைப் பார்க்க வருவதற்கே ஒரு நாள் தள்ளிப் போட்டவனே, உயிரோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க அந்தச் சாயங்கால வண்டியில் ஏறியிருப்பாயா?